ஒன்றாம் நம்பர் டோக்கன்

எங்கள் பல்கலைக்கழகத்தில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மைக்ரான் என்றால்தான் திரும்புவார், அதுவும் முறைத்துக்கொண்டு. ஒர்க்ஷாப்பின் போர்மேன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் கிடைக்கும் ஒரு கூறுதான் மைக்ரான். அந்த ஒற்றைக் கூறுக்காக இருபத்திரண்டு வருடமாக இன்ஜினியர் பிள்ளைகளை அழவிட்ட மனிதர் அவர். டீ கிளாஸை மேஜையில் வைத்தால்கூட விளிம்பிலிருந்து ஒரே அளவு தள்ளித்தான் வைப்பார். எனக்கு அதைப் பார்த்தாலே கையைத் தட்டிவிடலாமா என்று வரும்.

நான் அதே ஒர்க்ஷாப்பில் டூல் ரூம் பார்க்கிறவள். ஒரு ஜன்னல், ஒரு கவுன்டர், முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு போர்டு. போர்டில் நானூற்றுச் சொச்சம் கொக்கி. ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு கருவி. இங்கே வேலை பார்க்கிறவர், படிக்கிறவர் எல்லாருக்கும் எண் குத்திய பித்தளை டோக்கன் உண்டு. கருவி வேண்டுமென்றால் டோக்கனை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். கருவி திரும்பி வந்தால் டோக்கன் கைக்குப் போகும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போர்டை ஒரு முறை பார்த்தால் போதும், எது யாரிடம் தங்கிப்போனது என்று தெரிந்துவிடும். இந்தச் சட்டத்தைப் போட்டவரே மைக்ரான்தான். துணைவேந்தர் ஒருமுறை ஸ்க்ரூடிரைவர் கேட்டு ஆள் அனுப்பினார். "டோக்கன் எங்கே?" என்று கேட்டு அந்த ஆளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார் இவர். அவருடைய சொந்த டோக்கன் ஒன்றாம் நம்பர். தேய்ந்து தேய்ந்து அந்த ஒன்று, ஒரு கீறல் மாதிரி ஆகிவிட்டது.

அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பின்வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருந்தவள். பைண்டிங் அக்கா என்றால் இரண்டு பக்கத்துக்கும் தெரியும். இரண்டு பக்கம் என்றால், இந்தச் சுற்றுவட்டார ஊர்களுக்கென்று அரசாங்கம் கட்டிக்கொடுத்த பல்கலைக்கழகம் இது. இடது பக்கம் தொழில்நுட்பம், வலது பக்கம் வணிகம், நடுவில் ஒரு கேன்டீன். இடது பக்கத்தார் சட்டையில் எண்ணெய்க் கறை இருக்கும், வலது பக்கத்தார் சட்டையில் இஸ்திரி மடிப்பு இருக்கும். இரண்டு பக்கத்தாரும் கடைசியில் தங்கள் திட்ட அறிக்கையைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் ஓட வேண்டும்.

அவளிடம் பிரஸ் கிடையாது. பசை போட்ட அறிக்கைகளை இருபது இருபதாக அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தபடியே டீ குடிப்பாள், ஆட்களோடு வாயாடுவாள், ஃபோனில் அக்காள் மகளைத் திட்டுவாள். ஒருவன் அவசரம் அவசரம் என்று குதித்தபோது, "நீயும் ஏறி உட்காருப்பா, சீக்கிரம் காயும்" என்றாள். மடித்துத் தைத்து, ஊசி குத்தி, வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு கட்டு. கையால் சுற்றுகிற ஒரு சின்னப் பிரஸ் செய்து கொடுங்கள் என்று புருஷனிடம் அவள் கேட்டது எனக்கே தெரியும். நான் இந்த வேலைக்கு வந்த வருடமே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"செய்யலாம். அளவு எடுக்கணும்" என்பார் மைக்ரான்.

அளவும் எடுத்தார். மூன்று முறை கடைக்கு வந்து எடுத்தார். அவருடைய மேஜை டிராயரில் ஏழு வரைபடம் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு இடம் அவருக்குத் திருப்தி இல்லை. ஏழாவது வரைபடத்தின் ஓரம் மஞ்சளாகிப்போனது. அவள் பலகைமேல் உட்கார்ந்துகொண்டே இருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வணிகப் பக்கத்தில் வார இறுதிப் பட்டப்படிப்பு ஆரம்பித்தார்கள். வேலை பார்க்கிறவர்களும் கடை வைத்திருப்பவர்களும் சேரலாம். நுழைவுத் தேர்வு உண்டு. அவளும் நானும் சேர்ந்துதான் விண்ணப்பம் வாங்கினோம். அவள் கடையில்தான் பூர்த்தி செய்தோம். ஒரே ஹாலில், முன்னும் பின்னுமாக உட்கார்ந்து எழுதினோம். பட்டியல் ஒட்டிய அன்று அவள் எண் இருந்தது, என் எண் இல்லை. "அடுத்த வருஷம் எழுதலாம்க்கா, கணக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று என் தோளில் தட்டினாள். எனக்கொன்றும் வருத்தமில்லை. அந்த வயதுக்குமேல் படித்து நான் என்ன மந்திரியாகப் போகிறேன்? ஆனால் தோளில் தட்டியிருக்க வேண்டாம்.

அவள் நன்றாகவே படித்தாள். படிக்காமல் என்ன? இருபது வருடமாக, வருடத்துக்கு ஆயிரம் அறிக்கை பைண்ட் செய்கிறாள். எந்த அறிக்கைக்கு எந்த வாத்தியார் மார்க் போடுவார் என்று விரல் நுனியில் வைத்திருந்தாள். முதல் பருவத்திலேயே வகுப்பில் இரண்டாவது. மைக்ரான் முதலில் பெருமைப்பட்டார், கேன்டீனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு மெல்ல மெல்ல மூஞ்சி மாறியது. ஒருநாள் கவுன்டரில் வந்து நின்று, யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"சந்தைப் பிரிவுன்னா என்னங்க?"

"எனக்கெப்படி சார் தெரியும்? நான்தான் ஃபெயிலாச்சே. வீட்ல கேட்க வேண்டியதுதானே?"

"கேட்டா விளக்குறா" என்றார். ஏதோ அடித்துவிட்டாள் என்பதுபோலச் சொன்னார்.

எனக்கு அது புரிந்தது. இத்தனை வருடம் அந்த வீட்டில் விளக்குகிற ஆள் அவர்தான். குக்கர் வால்வு ஏன் கத்துகிறது, கதவு ஏன் இழுக்கிறது, எல்லாம் அவர் சொல்லி அவள் கேட்பாள். இப்போது அவள் சொல்கிறாள், அவர் பேந்தப் பேந்த விழிக்கிறார். போதாததற்கு வார இறுதி மாணவர்கள் அவரைப் பார்த்து, "நம்ம அக்காவோட வீட்டுக்காரர்" என்று கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். இருபத்திரண்டு வருடம் கட்டிக்காத்த மைக்ரான் பட்டம் ஒரே பருவத்தில் கழன்று விழுந்தது.

இதெல்லாம் சில்லறை வயிற்றெரிச்சல். பெரிய எரிச்சல் கடைசிப் பருவத்தில் வந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம். கடைசிப் பருவத்தில் தொழில்நுட்ப மாணவர் ஒருவரும் வணிக மாணவர் ஒருவரும் ஜோடி சேர்ந்து ஒரு பொருளைச் செய்து, அதை எப்படி விற்பது என்றும் காட்ட வேண்டும். ஜோடியை நாமே தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டு பெட்டி, இரண்டு சீட்டு. பிள்ளைகள் இதற்குக் கல்யாணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குலுக்கல் அன்று, "உனக்கு யாரோட கல்யாணம்?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். அந்த வருடம் பைண்டிங் அக்காவுக்கு விழுந்த சீட்டு, ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

பகலில் லிஃப்ட் ரிப்பேர், மாலையில் இன்ஜினியரிங் படிப்பு. முப்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. உயரமான ஆள். சிரித்தால் டூல் ரூம் வரை கேட்கும். கை சுத்தம், வேலையும் சுத்தம். அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார். என்னையும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். என் விஷயத்தில் அதற்காக யாரும் பொறாமைப்படவில்லை.

"அக்கான்னு கூப்பிட்டா ஆச்சா?" என்று உறுமினார் மைக்ரான்.

"ஆச்சே சார். அப்போ நீங்க அவருக்கு மாமா முறை. மாப்பிள்ளைன்னு கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றேன்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

என்ன பொருள் செய்வது என்று முதல் நாள் பேசும்போது லிஃப்ட்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "அக்கா, உங்க கடைல எது உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்?" அவள் மணிக்கட்டைக் காட்டினாளாம். பலகைமேல் உட்காருகிற கதையையும் சொன்னாளாம். ஒரு வாரத்தில் அவர் வரைபடத்தோடு வந்துவிட்டார். அடியில் ஒரு தட்டு, இரண்டு தூண், தூண்களில் ஏறி இறங்கும் மேல்தட்டு, நடுவில் சக்கரம் வைத்த திருகு. சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால் இருபது அறிக்கையும் அப்பளமாக அமுங்கும். அதில் புதுமை ஒன்றும் கிடையாது. மைக்ரானின் ஏழு வரைபடத்திலும் அதேதான் இருந்தது. ஒரே வித்தியாசம், இவர் வரைந்த மறுநாளே இரும்பை வெட்ட வந்து நின்றார்.

அந்த வரைபடத்தில் ஒப்புதல் முத்திரை குத்த வேண்டியது போர்மேன். மைக்ரான் அதை ஒரு மணி நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். குத்தினார். குத்திய வேகத்தில் மேஜைமேல் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

அடுத்த ஆறு வாரம் அந்த மனுஷன் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. சனி, ஞாயிறு அவர் வர வேண்டியதே இல்லை. வந்தார். கண்ணாடித் தடுப்பு போட்ட தன் அறையில் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவர் வேலையைப் போர்மேன் தொடக் கூடாது என்பது சட்டம். தொட்டால் அந்த ஜோடிக்கு மார்க் கிடையாது. லேத் மெஷினில் லிஃப்ட்காரர் திருகு வெட்டுவார், அவள் பக்கத்தில் நின்று பிரஷ்ஷால் எண்ணெய் தடவுவாள். லிஃப்ட்காரர் ஏதோ சொல்வார், அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள். உடனே கண்ணாடி அறையில் டிராயர் படாரென்று மூடும். ஒருநாள் அந்த ஏழு வரைபடத்தையும் வெளியே எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"நல்லா வெட்டுறாரா?" என்று கேட்டேன், வேண்டுமென்றேதான்.

"குறை சொல்ல ஒண்ணுமில்லை" என்றார். இதைவிடக் கசப்பாக யாரும் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டதில்லை.

அவளுக்கு இதில் வெறும் மார்க் மட்டும் அல்ல பிரச்சினை. பல்கலைக்கழக அச்சகத்துக்கு மேற்பார்வையாளர் வேலை காலியாக இருந்தது. பட்டம் வேண்டும், நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. இந்தப் பருவம் தேறினால் வேலைக்கு மனுப் போடலாம். தவறினால் அடுத்த வருடம் வேறு ஜோடியோடு முதலிலிருந்து. அதற்குள் வயது தாண்டிவிடும். அப்புறம் ஆயுசு முழுக்கப் பலகைமேல்தான். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

பொருளை நடுவர்கள் முன்னால் காட்டுகிற கண்காட்சி வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் பிரஸ்ஸை முழுதாகச் சோதித்துப் பார்த்தார்கள். இருபது அறிக்கை, அட்டைப்பெட்டி மாதிரி நேராக வந்தது. மைக்ரான் அளந்து முத்திரையும் குத்தினார். பிறகு எண்ணெய் போட மேல்தட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இருவரும் கண்காட்சி ஹாலில் இடம் பார்க்கப் போனார்கள். மூன்றரை மணி. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். டூல் ரூமுக்கு இன்னொரு சாவி போர்மேனிடம் உண்டு.

நான் திரும்பி வந்தபோது அவர்கள் தட்டை மாட்டி, பிரஸ்ஸைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மைக்ரான் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி தன் அறை வாசலில் நின்றார். "பார்த்துக் கொண்டுபோங்க" என்றார். அவர் யாரிடமும் அப்படி அக்கறையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஐந்து மணிக்குப் போர்டைப் பார்த்தேன். நூற்றுப் பதினேழாம் கொக்கியில் ரீமர் இல்லை. ஒன்றாம் நம்பர் டோக்கன் தொங்கியது.

ரீமர் என்பது துளையைத் துளித்துளியாகப் பெரிதாக்குகிற கருவி. அந்தக் கொக்கியில் இருந்தது இருபது மில்லிமீட்டர் ரீமர், கொஞ்சம் விரித்துக்கொள்ளலாம். அதே ரீமரைப் போன வாரம் லிஃப்ட்காரருக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மேல்தட்டின் இரண்டு முனையிலும் தூண் நுழைகிற துளை இருக்கிறதே, அதில் புஷ் என்கிற பித்தளை வளையம் உண்டு. அதைச் சீர்செய்யத்தான் வாங்கிப்போனார். அந்த வளையம் தூணை இறுக்கமாகப் பிடித்தால்தான் தட்டு நேராக இறங்கும். தளர்ந்தால் தட்டு சாயும்.

ஒர்க்ஷாப்பில் அன்று இருபது மில்லிமீட்டர் துளை உள்ள வேறு வேலை ஒன்றும் கிடையாது. போர்மேனுக்கு ரீமரால் ஆக வேண்டிய காரியமும் கிடையாது. யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்யப் போகிற மனுஷன், கை பழகிய பழக்கத்தில், தான் போட்ட சட்டப்படி தன் டோக்கனை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஆட்கள் வந்ததும் ரீமரைப் பைக்குள் போட்டிருக்கிறார். டோக்கன் மாட்டியது நினைவிலேயே இல்லை. வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

நான் நோட்டில் எழுதினேன்: ரீமர் இருபது, டோக்கன் ஒன்று, திரும்பவில்லை. எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். ஹால் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அவளுடைய ஃபோன் நம்பர் என் ஃபோனில் மூன்றாவதாக இருந்தது. போர்மேன் ஏதாவது வேலைக்கு எடுத்திருப்பார், நமக்கென்ன என்று சொல்லிக்கொண்டேன். பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அந்தப் பட்டியலும், என் தோளில் தட்டிய கையும்தான் நினைவுக்கு வந்தது. அவளும் ஒருமுறை எண் இல்லாத பட்டியலைப் பார்க்கட்டுமே என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான் என்று சொன்னால் அது பொய்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு மூன்று நடுவர்கள் வந்தார்கள். தொழில்நுட்பப் பேராசிரியர் ஒருவர், வணிகப் பேராசிரியை ஒருவர், வெளியிலிருந்து ஓர் அச்சக முதலாளி. அவள் விற்பனைக் கணக்கையெல்லாம் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னாள். அப்புறம் இருபது அறிக்கையை அடுக்கி, சக்கரத்தைச் சுற்றினாள். மேல்தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. எடுத்துப் பார்த்தால் இருபது அறிக்கையும் முதுகு கோணி, வழுக்கி விழுந்த ஆள் மாதிரி கிடந்தன. அச்சக முதலாளி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நாசூக்காகக் கீழே வைத்தார்.

"நேத்து சரியா இருந்துச்சே" என்றார் லிஃப்ட்காரர்.

ஒரு வாய்ப்பு உண்டு. மதியம் இரண்டு மணிக்குள் சரிசெய்து மறுபடி காட்டலாம். இருவரும் பிரஸ்ஸைத் தள்ளிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்கு ஓடி வந்தார்கள். லிஃப்ட்காரர் தட்டைக் கழற்றிக்கொண்டே, கண்ணாடி அறை வாசலில் நின்ற மைக்ரானைப் பார்த்துச் சொன்னார்:

"மன்னிச்சிருங்க சார். நீங்க அளந்து சரின்னுதான் குத்துனீங்க. மாட்டும்போது நான்தான் எதையோ கெடுத்துட்டேன்."

மைக்ரான் கோட்டுப் பைக்குள் கையை இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டார்.

துளையின் உள்ளளவு பார்க்கிற கேஜ் கேட்டு அவள் என் ஜன்னலுக்கு வந்தாள். நான் திரும்பி அதை எடுத்து நிமிர்ந்தபோது, அவள் என்னைப் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றாம் நம்பர் டோக்கன் அவளுக்குத் தெரியாத பொருளா? அவர் சட்டைப்பையில் கிடந்து எத்தனை தடவை அவளுடைய வாஷிங் மெஷினுக்குள் சுற்றியிருக்கும்!

"அக்கா, அது என்ன ரீமர்?"

"இருபது" என்றேன். வாயில் வேறு எண் வரவில்லை.

"அந்த டோக்கனைக் குடுங்க. நானே ரீமரை வாங்கிட்டு வரேன்" என்றாள். கொடுத்தேன். கால் தானாக அவள் பின்னால் போனது.

அவர் அறைக்குள் போய், டோக்கனை மேஜைமேல் வைத்தாள். சத்தம் போடவில்லை.

"ரீமரைக் குடுங்க. டோக்கன் இங்க இருக்கு, கருவியைக் காணோம்."

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். கோட்டுப் பையிலிருந்து எடுத்து வைத்தார்.

"எந்தப் பக்கம்?"

"ரெண்டும்."

"எவ்வளவு?"

"முந்நூறு மைக்ரான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்பவும் அளந்துதான் செஞ்சிருக்கீங்க." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "இருபது வருஷம்ங்க. ஒரு பிரஸ் செஞ்சு குடுங்கன்னு இருபது வருஷமா கேட்டேன். கை வலிக்குதுன்னு கேட்டேன். அதுக்கு டோக்கன் மாட்ட உங்களுக்கு ஒருநாள்கூட நேரமில்லை. இதுக்கு இருந்துச்சா?"

"நீ அந்தாளோட சிரிச்சே" என்றார். ஐம்பது வயது ஆள், சின்னப் பிள்ளை மாதிரி. "என்கிட்ட நீ இப்பல்லாம் சிரிக்கிறதில்லை. விளக்கத்தான் செய்யறே. நான் ஏழு படம் போட்டேன். அவன் ஒண்ணு போட்டான். என்னால தாங்க முடியலை."

"ஏழு படம் போட்டீங்கன்னு எனக்கு யார் சொன்னா?"

அவர் டிராயரைத் திறந்தார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசிப் படத்தில் சக்கரத்தின் கைப்பிடிக்குப் பக்கத்தில், 'அவள் வலது மணிக்கட்டுக்கு இந்த உயரம்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்குக் கோபம் தணியும் என்று நினைத்தேன். இன்னும் ஏறியது.

"இதைப் பூட்டி வெச்சுக்கிட்டு இருந்தீங்களா? காட்டவாவது காட்டியிருக்கலாமே!"

"நகரு. நான் புது புஷ் ரெண்டு கடைஞ்சு தரேன். அரை மணி நேரம்" என்று எழுந்தார்.

"வேணாம். நீங்க தொட்டா மார்க் போயிரும். ஏற்கனவே ஒருதரம் தொட்டாச்சு." தரையில் மெஷினைச் சுற்றி வரைந்த மஞ்சள் கோட்டைக் காட்டினாள். "அதுக்குப் பின்னாடி நில்லுங்க. பாருங்க."

அவர் நின்றார். ஒன்றரை மணி நேரம் நின்றார். லிஃப்ட்காரரிடம், "உள்ள தேஞ்சிருக்கு, புதுசா கடைஞ்சிருங்க" என்று மட்டும்தான் சொன்னாள் அவள். புருஷனைக் காட்டிக்கொடுக்கவில்லை. லிஃப்ட்காரர் பித்தளையை லேத்தில் பூட்டினார். அவள் பிரஷ்ஷும் எண்ணெயுமாகப் பக்கத்தில் நின்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முதல் வளையத்தில் லிஃப்ட்காரரின் வெட்டு லேசாகப் பிசகப் பார்த்தபோது மைக்ரானின் வலது கை தானாக முன்னால் நீண்டது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டார். தன் மனைவியின் வேலையை வேறொருத்தன் காப்பாற்றுவதை மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று பார்ப்பது என்றால் என்ன என்பது அந்த முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

ஒன்று இருபதுக்கு இரண்டு வளையத்தையும் மைக்ரான் முன்னால் வைத்தார்கள். ரிப்பேர் ஆன பாகத்துக்கு முத்திரை வேண்டும், அதுவும் அவர் கையால். மூன்று முறை அளந்தார். நினைத்தால் ஐந்து மைக்ரான் கூடுதல் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியும், கேட்பார் கிடையாது. முத்திரையைக் குத்திவிட்டு, லிஃப்ட்காரரைப் பார்த்து, "நல்ல கை" என்றார்.

ஒன்றேமுக்காலுக்கு இருபது அறிக்கையும் நேராக வந்தன. அச்சக முதலாளி சக்கரத்தைத் தானே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அவளுக்குப் பட்டம் வந்தது, அடுத்த மாதமே வேலையும் வந்தது.

என் கதை அன்று மூன்று மணிக்கு நடந்தது. கேஜைத் திருப்பிக் கொடுக்க அவள் ஜன்னலுக்கு வந்தாள். ரீமரையும் வைத்தாள். ஒன்றாம் நம்பர் டோக்கனை வைக்கவில்லை, கைக்குள் மூடி வைத்திருந்தாள். நான் சிரித்த முகமாக, "ஜெயிச்சுட்டே தங்கச்சி" என்றேன்.

"நேத்து சாயங்காலம் போர்டு பார்த்துட்டுத்தானே பூட்டுனீங்க?" என்றாள்.

நோட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விரித்தே கிடந்தது. வியாழக்கிழமை, ரீமர் இருபது, டோக்கன் ஒன்று. என் கையெழுத்து எப்போதும் கொஞ்சம் பெரிது.

"ஆமா" என்றேன்.

தலையை ஆட்டினாள். கேஜுக்கு மாட்டிய தன் டோக்கனை வாங்கிக்கொண்டாள். "ரொம்ப நன்றி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினைந்து வருடமாக அக்கா, அக்கா என்று கூப்பிட்ட வாய்.

ஆறு மாதம் ஆகிவிட்டது. நேற்று மைக்ரான் வந்து, அளவெடுக்கிற வெர்னியர் கேட்டார். டோக்கன் எங்கே என்றேன், சட்டம் சட்டம்தானே.

"இருக்கு, இருக்கு" என்று சட்டைப்பையைத் தட்டினார். "வீட்ல இதை அவதான் வெச்சிருக்கா. தினம் காலைல கேட்டுத்தான் வாங்கணும். எதுக்கு, என்ன வேலை, யாருக்குன்னு ஆயிரம் கேள்வி. பதில் சொன்னாத்தான் கைக்கு வரும். சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும். அன்னிக்குப் பண்ணதுக்கு இன்னும் திட்டு ஓயலைங்க. சாப்பிடும்போதும் திட்டு, வண்டில வரும்போதும் திட்டு."

புலம்புகிறாராம். முகத்தில் அவ்வளவு வெளிச்சம். கேன்டீனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்த அன்று இருந்த அதே முகம். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. தப்பைக் கையால் செய்தவர் அவர். அவருக்குத் தினம் ஆயிரம் கேள்வி, தினம் திட்டு.

அச்சகத்துக்குப் போகிற வழி என் ஜன்னலைத் தாண்டித்தான். காலை எட்டரைக்கு அவள் வருவாள். மணிக்கட்டில் இப்போது கட்டு இல்லை. என்னிடம் அவள் எதையும் கேட்பதில்லை. "குட் மார்னிங் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.